காமாக்கதிர் வெடிப்பு

பெரும்பாலும் தொலைதூர விண்மீன் மண்டலமொன்றில் திடீரெனக் கிளம்பி, ஒரு நொடிக்குள்ளோ சில நிமிடங்களுக்குள்ளோ அடங்கிவிடும் உயர் ஆற்றல் கதிர்வீச்சே காமாக்கதிர் வெடிப்பு. சூரியன் தன் 1,000 கோடி ஆண்டு ஆயுளில் கொட்டித் தீர்க்கும் ஆற்றலுக்கு ஈடானதை இது சில நொடிகளில் கொட்டிவிடும்.

இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது இலங்கை வானத்தின் உச்சியை ஒட்டியே வந்தது. 2022 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, வப் போயா விடுமுறை. மாலை 6.47. பொழுது சாய்ந்து முழுநிலா ஏறியிருந்த நேரம். அம்பு விண்மீன் தொகுதியின் திசையிலிருந்து அந்தக் கதிர்கள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் உச்சம் தொட்டன. மலையகத்தின் நோர்வூட்டில் நின்ற ஒருவருக்கு அந்தத் திசை, நடுவுச்சியிலிருந்து வடமேற்கே 16 பாகை அளவே விலகியிருந்தது. ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ ஒருவரும் எதையும் உணர்ந்திருக்க முடியாது. காமாக்கதிரை வளிமண்டலம் தரைக்கு விடுவதில்லை. விட்டாலும் கண்ணுக்குப் புலப்படாது.

கருவிகளுக்குத் தெரிந்தது. நாசாவின் ஃபெர்மி செய்மதியின் உணரிகள் வெள்ளம் தாங்காமல் திணறின. இந்தியாவிலிருந்த மின்னல் உணரிகள் தூண்டப்பட்டன. வளியின் மேல்தட்டான அயன மண்டலம் பல மணி நேரம் கலங்கியது. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த சீன, இத்தாலியக் கூட்டுச் செய்மதி ஒன்று அங்கே மின்புலம் மாறியதை அளந்தது. 2023இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி நம் வளியின் மேல்தட்டைக் குலைத்தது என்பது, எத்தனை முறை படித்தாலும் எளிதில் செரிக்காத செய்தி. இத்தகைய ஒன்று பூமியை எட்டுவது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மதிப்பீடு. இதன் பெயர் ஜி.ஆர்.பி. 221009ஏ: ஆண்டு, மாதம், நாள், அந்த நாளின் முதல் வெடிப்பு.

காமாக்கதிர் வெடிப்புகள் கண்டறியப்பட்ட கதையில் வானியலாளரைவிட உளவாளிக்கே பங்கு அதிகம். 1963ஆம் ஆண்டின் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை யாரும் களவாக மீறுகிறார்களா என்று பார்க்க அமெரிக்கா வேலா செய்மதிகளை ஏவியது. 1967 ஜூலை 2இல் அவை பதிந்த துடிப்பு எந்த நாட்டுக் குண்டும் அல்ல. விவரம் வெளியானது 1973இல்தான்.

நெடிய வெடிப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் சூரியனைப் போலப் பல மடங்கு நிறையுள்ள விண்மீனின் சாவு. எரிபொருள் தீர்ந்த கரு இடிந்து கருந்துளையாகிறது. சுற்றிச் சுழன்று விழும் பொருளின் ஒரு பங்கு இரு துருவத் திசைகளிலும், ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில், ஒடுங்கிய தாரைகளாகப் பீறிடுகிறது. தாரை நம்மை நோக்கியிருந்தால்தான் வெடிப்பு நமக்குத் தெரியும். ஆகவே நடப்பவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தெரியாமலே போகின்றன. இறந்த விண்மீனின் கரு எதுவரை தாங்கும் என்ற கணக்கின் முக்கியமான படி, 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. அத்தகைய கருவான வெண்குறளிக்கு அவர் கண்ட எல்லை, சூரிய நிறையின் ஏறத்தாழ 1.4 மடங்கு.

இரண்டு நொடிக்குள் முடியும் குறு வெடிப்புகளின் கதை வேறு. 2017 ஓகஸ்ட் 17இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்தபோது ஈர்ப்பலைகள் முதலில் வந்தன, 1.7 நொடி கழித்துக் காமாக்கதிர் வந்தது. இடம், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4993. தங்கம், பிளாட்டினம் போன்ற கன தனிமங்கள் இத்தகைய மோதல்களில் பிறப்பதற்கு அந்த நிகழ்வு சான்றாயிற்று. ஆனால் இரண்டு நொடி என்ற கோடு கறாரானதல்ல. 2021 டிசம்பர் 11இன் வெடிப்பு ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தும் மோதலின் அடையாளங்களையே காட்டியது. அதை ஆராய்ந்தவர்களுக்கு உதவிய தொலைநோக்கிகளில் ஒன்று நைனிதாலுக்கு அருகே தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் கண்ணாடி.

மேக்னெட்டார் எனும் கடுங்காந்த நியூட்ரான் விண்மீனின் வீச்சு மூன்றாவது வகை. 2004இன் சுனாமி இலங்கைக் கரைகளை விழுங்கி இரண்டு நாள் ஆவதற்குள், எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற மேக்னெட்டாரின் பெருவீச்சு அயன மண்டலத்தைத் தாக்கியது. நம் பால்வெளியிலேயே இருக்கும் பொருள் அது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. நாட்கள் அருகருகே வந்ததைத் தவிர அவற்றுக்குத் தொடர்பில்லை.

இந்தியாவின் வானியல் செய்மதி அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது. மாத்தறைக்கு மேலே அது பறக்கலாம். 7 பாகையை ஒட்டிய நோர்வூட்டின் உச்சிக்கு ஒருநாளும் வராது. அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெலுரைடு படக்கருவி, இயக்கிய முதல் நாளான ஒக்டோபர் 6இலேயே ஒரு வெடிப்பைப் பிடித்தது. குறிப்பிட்ட திசையை நோக்க வடிவமைத்த கருவிதான். ஆனால் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அதன் சுவர்களை ஊடுருவிக் கதிர் நுழைவதால், பக்கவாட்டு வெடிப்புகளும் பதிவாகின்றன. 2023 நவம்பர் 22இல் 600ஆவதைப் பதிந்தது.

2022இன் போயா மாலை வெடிப்பின் பின்னொளிர்வு அடங்கியதும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்த்தது. விண்மீன் வெடித்துச் சாகும் சூப்பர்நோவா, அதுவும் சாதாரணமான ஒன்று, அங்கே இருந்தது. 2024இல் வெளியான முடிவின்படி, சிலர் எதிர்பார்த்த தங்கம், பிளாட்டினம் வகைத் தனிமங்களின் தடயம் அதில் தென்படவில்லை.