தொதவர் மொழியும் றகரத்தின் வரலாறும்

ஒரு மொழியின் சிறப்பு அதனைப் பேசுவோர் தொகையால் அளக்கப்படுவதன்று. நீலகிரி மலையில் எருமை மேய்த்து வாழும் தொதவர், 2001 ஆம் ஆண்டில் 2,000 பேருக்கும் குறைந்தவர். ஆயினும் அவர்தம் மொழி, தமிழ் ஒலிகளின் பழைய வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றது.

1837 இல் சிமித் பாதிரியார் இம்மொழி தமிழோடு உறவுடையது எனக் காட்டினார். 1856 இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதனைத் திராவிட மொழிகளுள் அடக்கினார். 1873 இல் வெளிவந்த மார்சலின் நூலுக்குப் போப்பையர் இதன் இலக்கணச் சுருக்கம் எழுதி உதவினார். எனினும், இதன் ஒலிகளை நுணுகிக் கேட்டு வகுத்தவர், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த எமனோ என்பவரே.

அவ்வொலிகள் வியப்பைத் தருவன. நாவதிர எழும் ரகர வகை மூன்றுண்டு: பல்லையடுத்துப் பிறப்பது ஒன்று, மேல்வாயின் முற்பகுதியிற் பிறப்பது ஒன்று, நா வளைந்து பிறப்பது ஒன்று. இவை யகரச் சாயல் பெற்றும் வருதலின் ஆறாகும். சகரம்போற் சீறும் ஒலிகள் நான்குளவாம். 1990களில் லடிபோகெட், பாஸ்கரராவ் முதலியோர் கருவிகொண்டு அளந்து இவ்வேறுபாடுகளை உறுதிப்படுத்தினர்.

நமக்கு இன்றியமையாதது பிறிதொன்று. தொல்காப்பியர் றகரத்தை வல்லினத்துள் வைத்தார். தகரத்திற்கும் டகரத்திற்கும் வேறாக அதற்குப் பிறப்பிடம் கூறினார். ஆகவே பண்டை றகரம், ரகரம்போல அதிராது, நாநுனி மேல்வாயிற் பொருந்தித் தடுத்து வெடித்த ஒலியாதல் வேண்டும். தொதவர் மொழி இதற்குக் கரியாகும். அவர் தம் ஊரிருக்கையை ‘மொற்’ என்பர், இறுதியொலி அவ்வெடிப்பொலியே. இச்சொல் நம் ‘மன்று’ என்பதன் உறவு. மன்றுக்கு ஆநிரை நிற்குமிடம் என்னும் பொருளும் உண்டென்பது நினையத்தக்கது.

ஈழத்தார் பேச்சிலும் இவ்வொலி வாழ்கின்றது. தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் ‘காத்து’ எனத் தகரமாகிய காற்று, இங்கு றகரம் கெடாது ஒலிக்கின்றது. கனகராயன் ஆற்றங்கரையில் நின்று ‘ஆற்றுத் தண்ணீர்’, ‘சேற்று வயல்’ என்னும் உழவர் வாயில் இதனைக் கேட்கலாம். ‘பற்றறி’, ‘ரொறன்ரோ’ என நாம் எழுதுவதும் இப்பழக்கம் பற்றியே. ஆங்கிலேயரின் அவ்வொலிக்கு நம் றகரமே அணித்து. எனினும் ‘மூன்று’ நம் பேச்சில் ‘மூண்டு’ ஆயிற்று. அவ்விடத்து றகரத்தை நாமும் இழந்தோம்.

பட்டிக்காட்டுப் பேச்செனச் சிலர் இகழும் ஒலியே தொல்காப்பியர் கேட்ட ஒலிக்கு அணித்தாதல் கூடும். மாணவர் ஒலிப்பைத் திருத்த முற்படும் ஆசிரியர், ஏட்டைப் புரட்டுமுன் அவர்தம் பாட்டன் பாட்டியர் பேச்சுக்குச் செவிகொடுத்தல் நன்று. கல்வெட்டுச் சிதையின் அதன் படியேனும் எஞ்சும். பேசுவார் வாயினின்று நீங்கிய ஒலி மீள்வது அரிது.