நுரைக்கு என்ன விலை?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த ஊர் புதுமடம். இக்கடற்கரைப் பகுதியின் மணலில் பனை செழித்து வளர்கிறது. பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும்.

பிரான்சு நாட்டின் ஷாம்பேன் என்னும் பகுதியில் தயாராகும் திராட்சை மதுவும் நுரையினாலேயே புகழ்பெற்றது. இரண்டிலும் நுரையை எழுப்புவது கரியமில வாயு. அதை உண்டாக்குவதில் முதலிடம் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கே. இருந்தும் ஒன்று ஏழையின் குடி என்றும், மற்றொன்று செல்வர் விருந்தின் சின்னம் என்றும் பெயர் பெற்றுவிட்டன. அப்படியானால் ஷாம்பேனுக்குக் கொடுக்கும் விலை எதற்கான விலை? குறைந்த பணத்தில் அதே தரத்தைப் பெற வழி உண்டா? குடிக்கத் தூண்டுவது நம் நோக்கமன்று. மது உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் விலைக்குப் பின்னால் உள்ள அறிவியலையும் வரலாற்றையும் அறிவது எல்லோருக்கும் பயன் தரும்.

யவனர் சாடிகள்

புதுமடத்துக்கு வடக்கே, வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ளது அழகன்குளம். 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கு அகழாய்வைத் தொடங்கியது. ரோமானியக் காசுகளோடு ‘ஆம்போரா’ எனப்படும் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. இரண்டு கைப்பிடிகள் கொண்ட இச்சாடிகளில்தான் மத்தியதரைக் கடல் நாட்டார் திராட்சை மதுவையும் எண்ணெயையும் கப்பலேற்றினர். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் பாடியுள்ளார். அது புறநானூற்றின் 56ஆம் பாடல். பனை சூழ்ந்த நாட்டில், கடல் கடந்து வந்த மது அரண்மனைப் பொருளாயிற்று.

அக்காலத்திலேயே ஊர்ப்பெயருக்கு மதிப்பு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு, பரிகாசா (இன்றைய பரூச்) துறைமுகத்தில் இத்தாலிய மதுவையே மக்கள் அதிகம் விரும்பினர் என்கிறது. பெயருக்கு மதிப்பு வந்தவுடன் மாற்றுச் சரக்கும் வந்துவிட்டது. கிரேக்கத்தின் கோஸ் தீவில் கடல்நீர் கலந்து செய்த மதுவுக்கு நல்ல கிராக்கி இருந்தது. இத்தாலியிலேயே அதைச் செய்யும் முறையைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானியர் எழுதிவைத்தார். கோஸ் மதுவைப் போலவே கோஸ் சாடியின் வடிவத்தையும் பிற நாட்டார் பின்பற்றினர். அந்த வகைச் சாடித் துண்டுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. விலை மிக்க சரக்குக்கு மலிவான மாற்றுத் தேடுவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமல்ல என்பது விளங்குகிறதல்லவா?

குறையே சிறப்பானது

ஷாம்பேன் பகுதி குளிர் மிகுந்தது. இலையுதிர் காலத்தில் பிழிந்த சாறு நொதித்து முடியும் முன்பே குளிர் வந்து ஈஸ்ட்டை அடக்கிவிடும். வசந்தத்தில் வெப்பம் திரும்பியதும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். வாயு வெளியேற வழியின்றிப் புட்டிகள் வெடித்துச் சிதறும். ஷாம்பேனைக் கண்டுபிடித்தவர் டாம் பெரிஞ்ஞோன் என்ற துறவி (1638–1715) என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் நுரை எழாமல் தடுக்கவே முயன்றவர். மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை 1662இலேயே இலண்டன் ராயல் கழகத்தில் எடுத்துரைத்தவர் கிறிஸ்டோபர் மெரெட். நிலக்கரி உலையில் உருக்கிய ஆங்கிலேயக் கண்ணாடி உறுதியானது. ஆகவே புட்டி தாங்கிற்று.

நொதித்து முடிந்த மதுவுடன் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, புட்டியை இறுக மூடி, இரண்டாம் முறை நொதிக்க விடுவதே ஷாம்பேன் முறை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை தேவை. 750 மில்லிலிட்டர் புட்டிக்கு 18 கிராம். நொதித்தலில் அதில் ஏறக்குறைய பாதி எடை, அதாவது 9 கிராம், கரியமில வாயுவாகும். திறந்த வெளியில் இது சுமார் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். புட்டிக்குள் அடைபட்டிருப்பதால் அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம் வரை உயர்கிறது. ஆக, நுரைக்கான செலவு ஒரு கைப்பிடிச் சர்க்கரைதான்!

பிறகு எதற்கு அவ்வளவு விலை? முதலாவது, காலம். சாதாரண ஷாம்பேனே குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். ஒரே ஆண்டின் விளைச்சல் என்று குறிக்கப்படுவது 3 ஆண்டுகள். இரண்டாவது, கனத்த புட்டியும், மண்டியைப் புட்டியின் கழுத்துக்குக் கொண்டுவந்து அகற்றும் உழைப்பும். மூன்றாவது, குறுகிய நிலப்பரப்பின் திராட்சைக்கு உள்ள போட்டி. நான்காவது, பெயரும் விளம்பரமும்.

எங்கே மிச்சம் பிடிப்பது?

முதல் இரண்டும் பண்டத்தின் குணத்தைக் கூட்டுபவை. அவற்றில் கை வைத்தால் சுவை குறையும். மிச்சம் பிடிக்க வேண்டியது பின்னிரண்டில்தான். பிரான்சின் பிற மாவட்டங்களில் இதே முறையில் செய்யப்படுவது ‘கிரெமான்’; ஸ்பெயினில் ‘காவா’. இவை குறைந்தது 9 மாதம் புட்டியில் ஈஸ்ட் மண்டியோடு கிடக்கின்றன. விலையோ ஷாம்பேனைவிடப் பெரிதும் குறைவு. ஷாம்பேனே வேண்டுமென்றால், ஆண்டு குறிக்காத வகையைத் தேடலாம். முகப்புச் சீட்டில் பொடி எழுத்தில் ‘ஆர்.எம்.’ என்றிருந்தால், சொந்தத் திராட்சையில் உழவரே செய்தது என்று பொருள். விளம்பரச் செலவு அதில் குறைவு. இத்தாலியின் ‘புரொசெக்கோ’வோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிப்பது, ஆகவே இன்னும் மலிவு, ஆனால் சுவை வேறு.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. புனேயை அடுத்த நாராயண்காவில் 1980களில் பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு நுரைமது செய்து, ‘உமர் கய்யாம்’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பினர். அந்நிறுவனம் பிற்காலத்தில் நொடித்துப்போனாலும், நாசிக் பகுதியில் அதே முறை இன்றும் தொடர்கிறது.

மீண்டும் பனைக்கு வருவோம். கள்ளின் நுரை திறந்த கலயத்திலிருந்து காற்றோடு போய்விடுகிறது; பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் அதைப் புளிக்கச் செய்துவிடுகின்றன. காத்திருக்க முடியாத பண்டம் நெடுந்தொலைவு போக முடியாது. போகாத பண்டத்துக்குப் பெயர் ஏற்படாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவே தடை உள்ளது. ஆனால் பாக் நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்துப் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சூடேற்றிக் கிருமி நீக்கி, புட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. ஷாம்பேன் உழவர் பெற்ற விலை, சர்க்கரைக்குக் கிடைத்ததன்று. உறுதியான புட்டிக்கும், பொறுத்திருந்த காலத்துக்கும், காத்துக்கொண்ட பெயருக்கும் கிடைத்தது. நம் பனைத் தொழிலாளிக்கும் பதநீரிலும் கருப்பட்டியிலும் அத்தகைய விலை கிடைக்கச் செய்வது, அறிவியல் பயில்வோர் கருத வேண்டிய பணியாகும்.