ஏழாம் வேற்றுமையில் ஒரு சந்தோஷம்

ரங்கூனின் பபேடான் என்ற பெயரை நம் நாக்குக்கு வாகாக நாம் உருட்டிக்கொண்டோம். பர்மிய எழுத்தில் அது 'பன்பெ தான்'. பன்பெ என்றால் கொல்லு வேலை, தான் என்றால் வரிசை. கொல்லர் தெரு என்று சொல்லலாம். துருத்தியும் உலையும் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டன. இன்று இங்கே நடந்தால் 26ஆம் தெருவில் 1890களில் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில், அனவ்ரத்தா சாலையில், நம்மவர் 1871இல் எழுப்பிய காளி கோயில். 30ஆம் தெருவில் மொகல் பள்ளிவாசல். வடக்கே, 1926இல் ஸ்காட் மார்க்கெட் என்ற பெயரில் திறந்த போஜோ சந்தை. சந்தைக்கு அருகே செங்கல் சிவப்பில் நிற்கும் பரிசுத்த திரித்துவப் பேராலயத்துக்கு 1886இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் வரைபடம் சென்னையில் இருந்து வந்தது. மெரினா எதிரே செனட் மாளிகையைக் கட்டிய ராபர்ட் சிஷோமே இதையும் வரைந்தார்.

இந்த நெருக்கத்தில் வளர்ந்தவனுக்கு 'சந்தோஷம்' என்ற சொல் ஒரே மதத்தின் சொத்தாக இருக்க முடியாது. அடுத்த வீட்டுப் பௌத்தத் தாய் பிறர் நலம் கண்டு மகிழும் முதிதையைப் பற்றிச் சொல்வார். எதிர் வீட்டு அண்ணாச்சி பேரின்பம், சிற்றின்பம் என்று பிரித்துப் பேசுவார். தேவனுக்குள் நிலைத்திருக்கும் சந்தோஷத்தைப் பற்றி இம்மலருக்கு எழுதும்படி கேட்டார்கள். அந்த அண்டை வீட்டார் சொல்லாத எதை நம் விசுவாசம் சொல்கிறது என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது. விடையை இலக்கணத்தில் தேடத் தொடங்கினேன். தமிழ் ஆசிரியராக வாழ்ந்தவனுக்கு வேறு வழி தெரியாது.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். நகையில் தொடங்கி உவகையில் முடிக்கிறார். உவகை பிறக்கும் இடங்கள் அவருக்கு நான்கு: செல்வம், அறிவு, காதலர் கூடல், விளையாட்டு. இந்த நான்கையும் சொல்லும்போதே உவகைக்கு ஓர் அடைமொழியும் தருகிறார். அது அல்லல் நீத்த உவகை. துன்பம் வெளியேறிய பிறகு வீட்டுக்குள் வருகிற விருந்தாளி. மனித அனுபவத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்னவர் அரிது. நாம் அறிந்த மகிழ்ச்சி அனேகமாக இப்படித்தான் வருகிறது. காய்ச்சல் இறங்குகிறது, கடன் அடைகிறது, பிள்ளைக்கு வேலை கிடைக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு 'நீங்கல்' என்று ஒரு பொருள் உண்டல்லவா? அல்லலின் நீங்கியது என்பதால் அதை ஐந்தாம் வேற்றுமை உவகை என்றே நான் வகுப்பில் சொல்வேன். செல்வத்தால், பட்டத்தால், பாராட்டால் வருவது மூன்றாம் வேற்றுமை.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில் வேறோர் உருபு வருகிறது. நான்கே அதிகாரங்கள் உள்ள அந்தச் சிறு நிருபத்தில் சந்தோஷத்தைக் குறிக்கும் சொற்கள் 15 முறைக்குக் குறையாமல் வருகின்றன. எழுதியவரோ கட்டுண்டவர், தீர்ப்பு உயிரா சாவா என்று தெரியாதவர். அவர் சந்தோஷப்படச் சொல்லும் இடத்தில் நம் வேதாகமம் 'கர்த்தருக்குள்' என்கிறது. கிரேக்க மூலத்திலும் 'உள்' என்ற பொருள் தரும் இடைச்சொல்லே நிற்கிறது. 'உள்' என்பது நன்னூலார் எண்ணிச் சொல்லும் ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்று. ஏழாம் வேற்றுமையின் பொருள் இடம். கர்த்தர் தருகிற பொருள்களால் சந்தோஷப்படுங்கள் என்று பவுல் எழுதியிருக்கலாம். அதுவும் பொய்யாகாது. ஆனால் அவர் சொன்னது ஓர் இருப்பிடத்தை. மழையில் நனைந்தவனும் வெயிலில் காய்ந்தவனும் ஒரே வீட்டுக்குள் இருக்க முடியும். அழுகிறவன் அழுதபடியே அதற்குள் இருக்கலாம். அல்லல் முதலில் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை இந்தச் சந்தோஷத்துக்கு இல்லை.

இயேசு தம் சந்தோஷத்தைச் சீஷர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன இரவும் நினைவுக்கு வருகிறது. அது அவர் பிடிபடப்போகும் இரவு. அப்போது அவர் சொன்ன உவமை பேறுகாலம். யோவான் 16ஆம் அதிகாரத்தைக் கவனித்துப் படித்தால், துக்கம் போய்விடும், பிறகு சந்தோஷம் வரும் என்று அவர் சொல்லவில்லை என்பது தெரியும். துக்கமே சந்தோஷமாக மாறும் என்கிறார். பிரசவ வலி எந்த உடலில் எழுந்ததோ அந்த உடலில்தான் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியும் எழுகிறது.

இங்கே பர்மிய மொழி எனக்கு ஒரு விளக்கேற்றி வைத்தது. பர்மியர் மகிழ்ச்சியை 'வுன் தா' என்பார்கள், துக்கத்தை 'வுன் நே' என்பார்கள். வுன் என்பது வயிறு. வயிறு இனித்தால் மகிழ்ச்சி, வயிறு குன்றினால் துக்கம். நாமும் வயிறு குளிர்ந்தது என்கிறோம், வயிறு எரிகிறது என்கிறோம். மகிழ்ச்சியை முகத்தில் தேடாமல் வயிற்றில் தேடிய இரண்டு மொழிகள் ஒரே தெருவில் வந்து சேர்ந்திருக்கின்றன. அதே வயிற்றை வைத்து 'வுன் மியௌ' என்றும் ஒரு சொல் உண்டு. களிகூர்தல் அதன் பொருள். அந்தச் சொல்லைப் பர்மிய வேதாகமத்தில் எழுதி வைத்தவரின் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் அமெரிக்காவில் இருந்து நேராக இங்கே வந்தவர்கள் அல்லர். கல்கத்தாவில் தங்க அனுமதி இல்லை. மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்தார்கள். 1813 ஜூன் 22இல் சென்னையில் 'ஜார்ஜியானா' என்ற கப்பலில் ஏறி, ஜூலை 13இல் ரங்கூனில் இறங்கினார்கள். பின்னாளில் நம் பாட்டன் பூட்டன்மார் வந்த அதே கடல்வழி. அந்த மூன்று வாரத்துக்குள் ஆனுக்குக் கப்பலிலேயே பேறுகாலம் வந்தது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

யோவான் 16இன் உவமையை இந்தக் கப்பலுக்குள் கொண்டுபோய் வாசித்துப் பார்க்க எனக்கு நெடுநாள் துணிவு வரவில்லை. வலி இருந்தது, பிள்ளை இல்லை. இந்தப் பெண்ணிடம் சந்தோஷத்தைப் பற்றி யார் பேச முடியும்? நிலைத்த சந்தோஷம் என்று மேடையில் எளிதாகச் சொல்கிறவர்கள் ஒருமுறை இந்தக் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அன்றைய ரங்கூன் ஒரு சிறு துறைமுகம். நாம் இன்று நடக்கும் எண்ணிட்ட தெருக்கள் 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் அளந்து போட்டவை. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் பாதையோரம் ஜட்சன் 1819இல் ஒரு சயாத் கட்டினார், நம் ஊர் வழிச்சாவடி போல. அந்த ஆண்டு ஜூன் 27இல் மாங் நௌ என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் ஆத்துமா அவர்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டது. வெள்ளையர் எல்லாரும் ஒற்றர் என்ற ஐயத்தில் ஜூன் 8ஆம் தேதி ஜட்சனை ஆவா நகரில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இரவில் கால் விலங்குகளை ஒரு மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் கிடக்கும். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்து உள்ளே அனுப்பினார். திருட மனம் வராத அளவுக்கு மோசமான தலையணை. கைதிகளை வேறு ஊருக்கு இழுத்துச் சென்றபோது அது குப்பையில் வீசப்பட்டது. மாங் இங் என்ற சீடர் ஐயாவின் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சந்தோஷத்தைச் சொல்லும் நிருபமும் அந்தப் பஞ்சுக்குள் கிடந்தது.

சிறைவாசம் இரண்டு இடங்களிலுமாக ஏறத்தாழ 17 மாதம். ஜட்சன் வெளியே வந்த பிறகுதான் பெரிய அடி விழுந்தது. 1826 அக்டோபர் 24இல், இன்று கியைக்காமி என்று சொல்லும் ஆம்ஹர்ஸ்ட்டில், ஆன் காய்ச்சலில் இறந்தார். ஜட்சன் அப்போது ஊரில் இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், சிறைக்காலத்தில் பிறந்த குழந்தை மரியாவும் போய்விட்டாள்.

பக்தி நூல்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகின்றன. நான் கடக்க விரும்பவில்லை. ஜட்சன் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியே போய் இருந்தார். தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து மரணத்தை நினைத்தார். ஆன் இறந்த மூன்றாம் ஆண்டு நினைவு நாளில் எழுதிய கடிதத்தில், தேவனை விசுவாசிப்பதாகவும் அவரைக் கண்டடைய முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். நம் தெருவில் மேல்மாடிகளில் இருந்து கயிறு தொங்குமே, நுனியில் ஒரு கிளிப்போடு? கீழே நிற்கிறவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் கயிற்றை இழுத்தார். மணிச் சத்தம் அவர் காதில் விழவில்லை. ஆனாலும் வேறு வாசலுக்கு அவர் போகவில்லை. அவர் உணர்வில் சந்தோஷம் அப்போது அறவே இல்லை. ஏழாம் வேற்றுமை என்பதை நான் உண்மையாகவே புரிந்துகொண்டது இங்கேதான். வீட்டுக்குள் இருக்கிறோம் என்ற உணர்வே இல்லாத இரவிலும் ஒருவன் வீட்டுக்குள் இருக்கலாம்.

அவர் எப்படி மீண்டார் என்பதற்குத் தேதி போட்ட ஓர் அற்புதம் கிடையாது. 1831 மார்ச்சில் அவர் ரங்கூனில் இருந்தார். ஷ்வேடகோன் திருவிழாவுக்கு நெடுந்தூரத்தில் இருந்து வந்த மக்கள் அவர் வாசலைத் தேடி வந்து எழுத்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தே ஏறத்தாழ 10,000 துண்டுப் பிரசுரங்கள் தீர்ந்தன. மௌனமாக இருந்த தேவனைத் தேடிக் காட்டில் உட்கார்ந்த மனிதரை, தேவனைக் கேட்டு வந்த ஜனங்கள் வெளியே அழைத்துக்கொண்டு வந்தார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். 1834 ஜனவரி 31இல் பர்மிய வேதாகமம் முடிந்தது. கடைசித் தாளைக் கையில் ஏந்தி முழங்காலில் நின்றார்.

ஜட்சன் பிறகு மணந்த சாரா, தாமும் கணவரைப் புதைத்தவர், பனியனின் 'மோட்சப் பிரயாண'த்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். சிறையிருந்த ஒருவர் எழுதிய நூலைச் சிறையிருந்த இன்னொருவரின் வீட்டில் மொழிபெயர்த்த பொருத்தம் வியப்பானது. அதே நூலைத் தமிழில் காப்பியமாக்கியவர் நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தது. 3,000க்கு மேற்பட்ட விருத்தங்கள். நம்முடைய பேரின்பம், ஆனந்தம் என்ற பழஞ்சொற்களை அவர் கைவிடாமல் சிலுவையின் அடியில் கொண்டுவந்து வைத்தார். அந்த யாத்திரிகன் முதுகில் சுமை, காலில் சேறு, பிறகு சிறை என்று பட்டுக்கொண்டே போகிறான். ஐந்தாம் வேற்றுமை மகிழ்ச்சிக்குக் காத்திருந்தால் முதல் பருவத்திலேயே திரும்பியிருப்பான்.

இந்த நகரத்துத் தமிழருக்கு யாத்திரை என்பது உவமையாக மட்டும் இருந்ததில்லை. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது முதல் குண்டுகள் விழுந்தன. மீண்டும் விழுந்தது கிறிஸ்துமஸ் அன்று. அதன் பின் லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் கிடந்தவர்களைப் புதைக்கவும் ஆள் இல்லை. 1964இல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மறுபடியும் கப்பல்கள்.

அந்த ஆண்டு நான் சிறுவன். என் ஆச்சியின் தம்பி குடும்பம் கப்பல் ஏறிற்று. துறைமுகத்தில் இருந்து திரும்பி வந்த ஆச்சி சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார்கள். உலை கொதிக்கும்போது வழக்கமாகப் பாடும் கீர்த்தனையை அன்றும் பாடினார்கள். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டே இருந்தது. "அழுதுகிட்டே ஏன் ஆச்சி பாடுறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு வேற எப்படிப் பாடறது?" என்றார்கள். அரிசியை உலையில் போட்டார்கள்.

அறுபது ஆண்டுகளாக நான் படித்த விளக்கவுரைகள் எதுவும் அந்தப் பதிலைத் தாண்டிப் போகவில்லை. தொல்காப்பியர் அழுகையையும் உவகையையும் தனித்தனி மெய்ப்பாடாக வைத்தார். அன்று அடுப்படியில் இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன, ஒன்றை ஒன்று விரட்டாமல்.

நர்கிஸ் புயலும் தொற்றும் அண்மை ஆண்டுகளின் துயரங்களும் இம்மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆராதனைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. போன ஞாயிறு எனக்கு முன் பெஞ்சில் ஓர் அம்மாளும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் மடியில் தமிழ் வேதாகமம். பேத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது. அவள் கையில் இருந்தது ஜட்சனின் பர்மிய வேதாகமம். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தைச் சபையாக வாசித்தோம். அம்மாள் விரல் வைத்து 'சந்தோஷம்' என்று வாசித்த அதே நொடியில், பக்கத்தில் அந்தப் பெண் மெல்லிய குரலில் 'வுன் மியௌ' என்றாள்.