ஒரு குழந்தையின் கமீஸ்

திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தை ஓதுவோர் மூன்று இடங்களில் கமீஸைக் காண்கின்றனர். பொய்க் குருதி பூசப்பட்டு ஒருமுறை; பின்புறம் கிழிபட்டு ஒருமுறை; தந்தை யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் இடப்பட்டுப் பார்வை மீளக் காரணமாய் ஒருமுறை. ஆடையும் சாட்சி கூறும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. அதே எகிப்தின் வறண்ட மண் காத்துத் தந்த இடைக்காலக் குழந்தைகளின் கமீஸ்களும் சாட்சி கூறவே செய்கின்றன.

அவை மம்லூக் சுல்தான்கள் (1250–1517) ஆண்ட காலத்தவை. ஆளிச் செடியின் நாரை நூற்று நெய்த துணி. அரபியில் இதன் பெயர் 'கத்தான்'. கையால் நூற்றுக் கையால் நெய்த துணியாதலால், அதில் ஒரு சாணும் வீணாகலாகாது. எனவே வெட்டுகள் யாவும் நேர்கோடுகளே. ஒரே நீளத் துணியைத் தோளில் மடித்தால் முன்னும் பின்னும் அமைந்துவிடும். தோளில் தையலே இல்லை. மடிப்பின் நடுவில் கழுத்துவாய். அதன்கீழ் மார்பில் ஒரு பிளவு. கைகள் இரண்டும் நீள்சதுரத் துண்டுகள். கீழ்ப்பகுதி விரிவதற்காகப் பக்கங்களில் முக்கோணத் துண்டுகளைச் சேர்ப்பர். அரபு அகராதிகள் 'திக்ரீஸ்' எனக் குறிப்பது இத்துண்டையே. ஒரு நீள்சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் இரு முக்கோணங்கள் கிடைக்கும், எஞ்சுவது ஏதுமில்லை. அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு. குழந்தை கையை உயர்த்தி ஓடியாடினும் தையல் விடாது.

இனிப் பூவேலையைக் காண்போம். கழுத்தோரம், மார்புப் பிளவு, கைமுனை ஆகிய இடங்களில் நீலம், சிவப்பு, கருமை நிறப் பட்டு நூலால் வளைகோடும் சாய்சதுரமும் படிக்கட்டு வடிவும் இழைக்கப்பட்டன. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி முன்னே செல்லும். திரும்பி வருகையில் விட்ட இடங்களை நிரப்பும். ஆதலால் கோடு துணியின் இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும். ஐரோப்பியர் இத்தையலை 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனின் பெயரால் வழங்குகின்றனர். அவர் பிறக்குமுன்னரே நைல் நதிக்கரையில் விரல்கள் அதை அறிந்திருந்தன!

அரசவை ஆடைகளின் கதை வேறு. 1047இல் எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, தின்னீஸ் நகரில் ஆட்சியாளருக்கென நெய்யப்படும் துணி பிறர் எவருக்கும் விற்கப்படுவதில்லை என எழுதினார். 'திராஸ்' எனும் அத்தகைய துணிகளில் கலீஃபாவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் கமீஸிலோ தைத்தவர் பெயருமில்லை, அணிந்தவர் பெயருமில்லை.

வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. மண்ணைத் தோண்டித் துணி எடுத்து விற்றோர், வேலைப்பாடுள்ள பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு வெறுந்துணியை எறிந்தனர். ஆங்கில அறிஞர் பெர்சி நியூபெரி திரட்டி, 1946இல் ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திற்கு வழங்கிய பூவேலைத் தொகுப்பிலும் பெரும்பாலானவை துண்டுகளே. துண்டு அழகைக் காட்டும். அது கழுத்தா, கைமுனையா, குழந்தையுடையதா, பெரியவருடையதா என்று கூறாது. முழுமையாய் எஞ்சிய கமீஸே வெட்டிய கையின் சிக்கனத்தையும் தைத்த கையின் பரிவையும் ஒருங்கே உரைக்கும்.

யூஸுஃப் (அலை) அவர்களின் கமீஸ் முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்று பார்த்தே உண்மை துலங்கிற்று. கிழிந்த இடத்தை மட்டும் எவரேனும் வெட்டி எடுத்திருப்பின், முன்னேது பின்னேது என எவர் கூறியிருக்க முடியும்?