2¹²⁷ − 1

39 இலக்கங்கள் கொண்ட பகா எண். 2ⁿ − 1 வடிவிலான மெர்சென் பகா எண்களின் வரிசையில் 12-ஆவது. இதன் மதிப்பு 170141183460469231731687303715884105727.

அடுக்கான 127-உம் 2⁷ − 1 என்னும் மெர்சென் பகா எண்ணே. ஆகவே இது இரட்டை மெர்சென் எண்களில் ஒன்று. இதை 2¹²⁶-ஆல் பெருக்கினால், தன்னை நீங்கலான வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான 77 இலக்கச் செவ்விய எண் கிடைக்கும்.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட, பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியலில் 127 இருந்தது, சான்று இல்லை. எடுவார்ட் லூகாஸ் 1876-இல், காரணிகளைத் தேடாமலே, பிபனாச்சி எண்களை ஒத்த தொடர்வரிசைகளின் வகுபடும் தன்மையைக் கொண்டு 2¹²⁷ − 1-இன் பகாத்தன்மையை மெய்ப்பித்தார். எண் கோட்பாட்டின் அரிய சாதனை இது. கையால் கணக்கிட்டு மெய்ப்பிக்கப்பட்ட பகா எண்களில் இந்த எண்ணே மிகப் பெரியது. 1951-இல் ஃபெரியே இயந்திரக் கணிப்பானைக் கொண்டு 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டறியும்வரை, 75 ஆண்டுகள் அறியப்பட்டவற்றுள் முதலிடத்தில் இருந்தது. லூகாஸின் முறையை லேமர் 1930-இல் செம்மைப்படுத்தினார்; கணினிவழித் தேடலில் லூகாஸ்–லேமர் சோதனை இன்றும் பயன்படுகிறது.