புழுங்கலரிசியும் மரவள்ளிக்கிழங்கும்

நீரிலிட்டு வேகவைக்கும் எளிய சமையலுக்குத் தமிழில் சொற்கள் பல உள. அவித்தல், புழுக்குதல், வேவித்தல், வடித்தல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையைச் சுட்டும். புழுக்கல் என்னும் சொல் சங்க நூல்களிலேயே ஆளப்பட்டுள்ளது. இத்துணைப் பழமையுடைய பழக்கத்தைத் தமிழர் கடல் கடந்து மலாயாவுக்கும் கொண்டு வந்தனர். போர்களையும் ஒப்பந்தங்களையும் விரித்தெழுதிய வரலாற்று நூல்கள் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் பேரா மாநிலத்தில் தமிழ்த் தொழிலாளர் உயிர் பிழைத்த கதையில் ஒரு பகுதி சோற்றுப்பானைக்குள்தான் இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேராவின் வடபகுதியாகிய கிரியானில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் பிற்காலத்துத் தோட்டங்களுக்கு முன்னோடியாயின. கிந்தாப் பள்ளத்தாக்கிலோ ஈயம் தோண்டும் சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் குவிந்தனர். இரு சாராரும் வந்தேறிகள். இரு சாராரும் வறியவர். இரு சாராரும் சோறுண்பவர். ஆனால், பெரிபெரி என்னும் கொடுநோய் சுரங்கத் தொழிலாளரைக் கொள்ளை கொண்டதுபோல் தோட்டத் தமிழரைக் கொள்ளை கொள்ளவில்லை. கால் மரத்து, உடல் வீங்கி, இறுதியில் நெஞ்சு தளர்ந்து மனிதனை மாய்க்கும் நோய் அது.

இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர்களுள் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. தம் நெல்லை வீட்டிலேயே அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க்காரரிடமும் அந்நோய் அருகியே காணப்பட்டது. கெட்டுப்போன அரிசியில் தோன்றும் நஞ்சே காரணமென்று பிராடன் கருதினார். காரணம் தவறு, கண்ட உண்மை சரி. அவர்தம் நூல் 1907இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1905இல், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிற்று, பலர் மாண்டனர். இக்காலத்து அறநெறிப்படி இத்தகைய சோதனையை எவரும் ஒப்பார். பின்னர் பிரேசரும் சிடாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலைப் பணியிலிருந்த சாவகத் தொழிலாளர் முந்நூற்றுவரிடம் சோதித்து, தவிட்டோடு கழிந்துபோகும் ஒரு சத்தின் குறையே நோய்க்கு வித்து என்னும் முடிவுக்கு வழி வகுத்தனர்.

அச்சத்தைத்தான் இன்று பி1 உயிர்ச்சத்து என்கிறோம். நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள அச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. பின்னர் உலர்த்தி ஆலையில் தீட்டினாலும் அது முற்றும் அகல்வதில்லை. சோறு வடிக்கும்போது அதில் ஒரு பங்கு கஞ்சியோடு வெளியேறும். கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்த ஏழைப் பெண்கள் அறிவியல் அறியாமலே அறிவோடு நடந்தனர்.

1941 டிசம்பரில் சப்பானியர் மலாயாவில் கால்வைத்தனர். அம்மாத இறுதியில் ஈப்போவும் அவர்கள் கைக்குள் வந்தது. நாட்டின் அரிசித் தேவையில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தமையால், கப்பல் நின்றதும் உலை அவிந்தது. இரப்பருக்கு வாங்குவாரில்லை, தோட்டத்தில் கூலியில்லை. லயங்களின் பின்புறமெல்லாம் மரவள்ளி நடப்பட்டது. காலையிலும் மாலையிலும் அவித்த கிழங்கே உணவாயிற்று, உப்புக்கும் தட்டுப்பாடு. மரவள்ளியில் நஞ்சுத்தன்மை உண்டு; தோலுரித்து, நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். புழுங்கலரிசிக் கஞ்சியைப் போற்றிய அதே கைகள் கிழங்கு வெந்த நீரைக் கொட்டக் கற்றுக்கொண்டன. கிழங்கு வயிற்றை நிரப்பியது, உடலை வளர்க்கவில்லை. மாச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. கால் வீக்கமும் ஆறாத புண்ணும் பெரிபெரியும் லயங்களில் புகுந்தன. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆடவர் கொண்டு செல்லப்பட்ட குடும்பங்களில் கிழங்கு நட்டு, அவித்து, பிள்ளைகளைக் காத்தவர் பெண்களே. அந்நாளில் பிழைத்த முதியோருள் பலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கையால் தொடவும் மறுத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ தேங்காய்ச் சம்பலுடன் அதை விரும்பி உண்கின்றனர்.

போர் முடிந்தும் சோற்றுக்கு விடுதலை கிட்டவில்லை. 1948 சூனில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்க அரிசி பங்கீடு செய்யப்பட்டது. பால்வெட்டச் செல்வோர் சோறு கொண்டு போவதும் தடுக்கப்பட்டது. வாயில் காவலில் தூக்குச்சட்டி திறந்து பார்க்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் பேராவின் சில பகுதிகளில் வீடுகளுக்கு அரிசியே வழங்காமல், பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றையே அளந்து கொடுத்தனர். அரிசியைக் காட்டில் பல மாதம் பதுக்கலாம். வெந்த சோறு மறுநாளே புளித்துவிடும் என்பது ஆட்சியாளர் கணக்கு. அவசரகாலம் 1960 சூலை இறுதியில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே, வட்டாரம் வட்டாரமாகக் கட்டுப்பாடு தளர்ந்தபோது, பொழுது புலருமுன் எழுந்து தம் உலையில் தாமே அரிசியிடும் உரிமை தோட்டத்துப் பெண்களுக்கு மீண்டது.