டேப்பைத் தின்ன டெக்: ரப்பருக்கும் வயசாகும்

இந்த எபிசோடு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. தப்பு பண்ணினது நான்தான்.

போன மாசம் மதுரையில பாட்டியோட டிரங்குப் பெட்டியைக் கிளறினப்போ ஒரு கேசட் கிடைச்சுது. மேல நீல மையில 'அபுதாபி, 1986'. தாத்தா அங்க வேலை பார்த்தப்போ, ஊருக்கு வர்றவங்ககிட்ட பேசிக் கொடுத்துவிட்ட கேசட். அன்னைக்கு ஃபோன் பேசணும்னா காசு கொட்டணும். வளைகுடாவுக்குப் போன நிறைய பேர் கடிதத்துக்குப் பதிலா இப்படித்தான் பேசி அனுப்பினாங்க. தாத்தா போய் 20 வருஷம் ஆச்சு. அவர் குரல் இருக்கிறது இந்த ஒரு கேசட்லதான்.

நான் ஆர்வக்கோளாறுல, பழைய சாமான் கடையில வாங்கின டெக்குல போட்டு பிளேயை அமுக்கிட்டேன். நாலு வார்த்தை வந்துச்சு. அப்புறம் கர்ருனு ஒரு சத்தம். திறந்து பார்த்தா டேப் உள்ள நூடுல்ஸ் மாதிரி சுத்தியிருக்கு.

ஏன் சிக்குது?

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963ல பெர்லின் வானொலிக் கண்காட்சியில வெளியிட்டது. அதை உருவாக்கின குழுவுக்குத் தலைவர் லூ ஓட்டன்ஸ். கருவி எவ்வளவு சின்னதா இருக்கணும்னு முடிவு பண்ண, கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு மரக்கட்டையைத்தான் முதல்ல வெட்டி வெச்சுக்கிட்டாராம். அப்புறம் பிலிப்ஸ் இந்த வடிவத்தை மத்த கம்பெனிகளுக்கும் இலவசமா விட்டுக்கொடுத்தது. அதனாலதான் எந்த நாட்டு கேசட்டும் எந்த நாட்டு மெஷின்லயும் ஓடுச்சு. 80கள்ல நம்ம ஊர் டீக்கடையில இளையராஜா பாடினதும், அபுதாபியில தாத்தா பேசினது மதுரையில கேட்டதும் இதனாலதான்.

ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா மெஷின்லயும் டேப் ஒரே வேகத்துல ஓடணும்: நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த வேகத்தைக் காப்பாத்துறது ரெண்டு ரப்பர் துண்டுங்க. ஒண்ணு பெல்ட், மோட்டாரோட சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது. இன்னொண்ணு ரோலர், மெல்லிய எஃகுக் கம்பியோட டேப்பைச் சேர்த்து அழுத்தி முன்னால இழுக்குறது.

ரப்பருக்கு ஒரு பழைய வியாதி உண்டு. வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைக்கும். 1839ல அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர், ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா அது உறுதியாகுதுனு கண்டுபிடிச்சார். ரப்பரோட நீள மூலக்கூறுகளைக் கந்தகம் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடுது. ஆனா அந்த வைத்தியம் நிரந்தரம் இல்லை. காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் மெல்ல மெல்ல ரப்பரைக் கெடுக்கும். சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். ரோலர் கல்லு மாதிரி இறுகும், பெல்ட் தொங்கிப்போகும். சில பெல்ட் தாரா உருகி ஒட்டிக்கும்.

என் டெக்குல ரோலர் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பிடிமானம் இல்ல. டேப்பைச் சுருட்டிக்க வேண்டிய பக்கம் பெல்ட் தளர்ந்து நின்னுபோச்சு. வந்த டேப் போக இடமில்லாம உள்ளயே சுத்திக்கிச்சு.

என்ன பண்ணினேன்?

முதல்ல டேப்பை இழுக்காம, பொறுமையா விரலால எடுத்து, பென்சில் விட்டுச் சுத்தினேன். அப்புறம் டெக்கைப் பிரிச்சேன். ஹெட்டையும் எஃகுக் கம்பியையும் காது குடையுற பஞ்சுக்குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சேன். டேப்பில இருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் வந்துக்கிட்டே இருந்துச்சு. ரோலருக்கு மட்டும் சோப்புத் தண்ணி. ஆல்கஹாலை அடிக்கடி போட்டா ரப்பர் காய்ஞ்சுடும். பளபளப்பு போற வரைக்கும் நைஸ் உப்புத்தாளால லேசா ஒரு தேய்ப்பு. பெல்ட்டைக் காப்பாத்த முடியாது, மாத்தத்தான் வேணும். பழசு நீண்டுபோயிருக்கும், அதை அப்படியே அளந்து வாங்காதீங்க, கொஞ்சம் சின்னதா வாங்குங்க.

இந்தத் தடவை வேற ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தாத்தா கேசட்டைத் தொட்டேன்.

ஓடுச்சு. பாட்டி கண்ணை மூடிக் கேட்டாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு, "என்னடா இது, அவரு இப்படி கீச்சுக்குரல்ல பேச மாட்டாரே"ன்னாங்க.

யோசிச்சேன். அன்னைக்குப் பதிவு பண்ணின மெஷின்ல பேட்டரி தீர்ந்துக்கிட்டு இருந்திருக்கலாம். மெதுவா ஓடின டேப்பைச் சரியான வேகத்துல போட்டா குரல் உயர்ந்துதான் கேட்கும். என் டெக்கோட மோட்டார்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கு. நான் திருகினேன். பாட்டி, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், நிறுத்து"ன்னாங்க.

4.76 எனக்குப் புத்தகத்துல கிடைச்ச அளவு. பாட்டியோட அளவு வேற. அவங்க நிறுத்தச் சொன்ன வேகத்துலதான் கேசட் முழுசையும் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணினேன்.

நான் கசக்கின இடத்துல மட்டும் தாத்தா குரல் மங்கிப்போகுது. அது இனி சரியாகாது. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கேசட் இருக்கும். பிளே அமுக்குறதுக்கு முன்னால ரோலரை ஒரு தடவை தொட்டுப் பாருங்க.